இதை யார் இழுக்கிறது?

கேரவன் என்றால் நமக்கெல்லாம் ஷூட்டிங் ஸ்பாட்தான் ஞாபகத்துக்கு வரும். உள்ளே ஏ.சி.யில் ஹீரோ. வெளியே வெயிலில் நூறு பேர். அதனால் போன வருஷம் அமெரிக்கா போயிருந்தபோது, ஆஸ்டினில் இருக்கிற என் சித்தப்பா பையன், “அண்ணே, இந்த வாரம் கேரவன்ல கேம்ப்பிங் போறோம்” என்றதும் எனக்குள்ளே ஒரு ஹீரோ எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

அங்கே இதற்கு டிராவல் டிரெய்லர் என்று பெயர். இன்ஜின் கிடையாது. சக்கரம் வைத்த வீடு, அவ்வளவுதான். கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், பாத்ரூம் எல்லாம் உண்டு. முன்னால் ஒரு பிக்-அப் டிரக் இழுத்துக்கொண்டு போகும். தம்பி முன்பு 16 அடி நீளத்தில் ஒன்று வைத்திருந்தான். இடம் போதவில்லை என்று 28 அடிக்கு மாறியிருந்தான். பெரிய வண்டியில் அதுதான் முதல் பயணம். அவன், அவன் மனைவி, இரண்டு பிள்ளைகள், நான். ஓர் ஏரிக்கரையில் இரண்டு ராத்திரி.

“பெருசு வாங்கியாச்சில்ல, எல்லாத்தையும் எடுத்துக்கலாம் மாமா” என்றாள் தம்பி மனைவி. மிக்ஸி வந்தது. இரும்பு தோசைக்கல் வந்தது. இரண்டு குக்கர் வந்தது. என் பங்குக்கு ஒரு முழு சூட்கேஸ். தம்பி வாசலில் நின்றுகொண்டு ஒவ்வொரு சாமானுக்கும் ஒரே கேள்வியைக் கேட்டான்: “சரி, இதை யார் இழுக்கிறது?”

கஞ்சன் என்று நினைத்துக்கொண்டேன். நெடுஞ்சாலையில் ஏறிய பிறகுதான் புரிந்தது. வேகம் கூடக் கூட, பின்னால் வண்டியின் வால் லேசாக ஆடியது. ஓரங்கட்டி நிறுத்தினான். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்பக்கக் கொக்கியின் மேல் உட்கார வேண்டுமாம். நாங்கள் கனமான சாமானையெல்லாம் பின்னால் அடைத்திருந்தோம். அப்படி அடைத்தால் வீடு வண்டியை ஆட்டும். முற்றினால் கவிழ்த்தும் விடும். பாதி சாமானை முன்னால் மாற்றிய பிறகு ஆட்டம் நின்றது.

போய்ச் சேர்ந்ததும் அடுத்த பரீட்சை. ரிவர்ஸ். டிரெய்லரைப் பின்னால் தள்ளும்போது ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்பினால் அது இடது பக்கம் போகும். “கையை வீலுக்கு அடியில வச்சுக்கணும்ணே. பின்பக்கம் எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தணும்.” தத்துவம் சரி. 16 அடியில் அஞ்சு நிமிஷத்தில் முடிந்த வேலை, 28 அடியில் முக்கால் மணி நேரம் ஆனது. பக்கத்து முகாம்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்கள்.

இதெல்லாம் தம்பியின் பாடம். என்னுடையது மறுநாள் காலையில்.

அந்த இடத்தில் கரன்ட் உண்டு, குழாய் கிடையாது. வரும்போதே டேங்கில் 190 லிட்டர் பிடித்துக்கொண்டு வந்திருந்தோம். சுவரில் ஒரு சின்ன பலகை. டேங்கில் எவ்வளவு மிச்சம் என்று விளக்கு எரிந்து காட்டும். நான் அதைப் பார்க்கவில்லை. ஷவரைத் திறந்துவிட்டு, பழைய பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டு, நிதானமாகப் பத்து நிமிஷம் குளித்தேன். மத்தியானம் பம்ப் இருமியது. அப்புறம் நின்றுபோனது.

தம்பி திட்டவில்லை. 20 லிட்டர் கேன் ஒன்றை என் கையில் கொடுத்து, நுழைவாசல் பக்கம் இருந்த குழாயைக் காட்டினான். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்று ஆறாம் வகுப்பில் படித்தது நினைவிருக்கிறது. அன்றைக்குத்தான் தோள்பட்டைக்கு அது தெரிந்தது. நான் குளித்தது சுமார் 70 லிட்டர். மூன்றரை கேன். என் குளியலை நானே தூக்கிக்கொண்டு வந்தேன். ஐம்பது வயதை நெருங்கும்போது, வாழ்க்கையில் முதல் தடவையாக!

நான் பி.காம். படித்தவன். காலேஜில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது, எங்கே ஒரு டெபிட் இருக்கிறதோ அங்கே ஒரு கிரெடிட் இருந்தே ஆக வேண்டும் என்பது. இந்தப் பக்கம் ஒன்று வந்தால் எந்தப் பக்கத்திலிருந்தோ அது போயிருக்கிறது. டிரெய்லரில் இரண்டு பக்கமும் ஒரே நோட்டில் இருக்கின்றன. ஷவர் மேலே, டேங்க் காலுக்குக் கீழே, சுமக்கிறவன் நான். சென்னை வீட்டில்? டெபிட் பக்கம் என் பாத்ரூமில் இருக்கிறது. கிரெடிட் பக்கம் எங்கே?

அதைப் பார்க்க ஒரு சந்தர்ப்பம் தானாக வந்தது. ஊர் திரும்பிய பிறகு கும்மிடிப்பூண்டியில் ஒரு நண்பர் வீட்டுக் கல்யாணம். சாப்பிட்டுவிட்டு, மேற்கே இருக்கிற தேர்வாய் கண்டிகைக்கு ஒரு நடை போனேன். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், இந்த நான்கு பெயரும் சென்னைக்காரர்களுக்கு மனப்பாடம். ஐந்தாவதாக, கண்ணன்கோட்டை, தேர்வாய் கண்டிகை ஏரிகளை இணைத்துக் கட்டிய நீர்த்தேக்கம் இது. 2020 நவம்பரில் திறந்தார்கள். 380 கோடி ரூபாய்த் திட்டம். விவசாயிகளின் பட்டா நிலமும் இதற்காக எடுக்கப்பட்டது. கொள்ளளவு அரை டி.எம்.சி.

கரையில் நின்றபோது சமுத்திரம் மாதிரிதான் இருந்தது. மனசுக்குள் கணக்குப் போட்டேன். அரை டி.எம்.சி. என்றால் சுமார் 1,400 கோடி லிட்டர். சென்னைக்கு நாளொன்றுக்கு சுமார் 100 கோடி லிட்டர் வேண்டும். அப்படியானால், விளிம்பு வரை நிரம்பி நிற்கிற இந்தச் சமுத்திரம் நம் ஊருக்குப் பதினாலு நாள்!

கரையில் ஆடு ஓட்டிக்கொண்டிருந்த பெரியவரிடம், “இந்தத் தண்ணி எங்க போகுதுங்க?” என்று தெரியாதவன் போல் கேட்டேன்.

“மெட்ராசுக்குத்தான் சார். வேற எங்க?”

“உங்களுக்கு?”

“பாக்கறதுக்கு இருக்குதே” என்று சிரித்தார். சிரிப்பில் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அதே ஊரில்தான் 1,100 ஏக்கருக்கு மேல் சிப்காட் தொழிற்பூங்காவும் இருக்கிறது. பெரும்பாலும் தலித் மக்கள் வாழும் தேர்வாய் கிராமம், அது தங்கள் மாடு மேய்ந்த காடு, தாங்கள் காப்பாற்றி வந்த காடு என்று சொல்லிப் போராடியது. அங்கே ஆலை போட்ட பிரெஞ்சு டயர் கம்பெனி மிச்செலின் மீது 2012-இல் பிரான்ஸ் வரைக்கும் புகார் போனது. பன்னாட்டுக் கம்பெனிகளுக்கான நெறிமுறைகளைக் கம்பெனி மீறவில்லை என்று அங்கேயுள்ள அமைப்பு 2013-இல் சொல்லிவிட்டது. ஆலை ஓடுகிறது. லாரிக்கும் பஸ்ஸுக்கும் டயர் செய்கிறார்கள்.

ஒரு வேடிக்கை. ஊர் சுற்றச் சொல்லி உலகத்துக்குக் கற்றுக்கொடுத்ததில் இந்தக் கம்பெனிக்கும் பங்கு உண்டு. 1900-இல், பிரான்ஸிலேயே சில ஆயிரம் கார்கள்கூட இல்லாத காலத்தில், கார்காரர்களுக்காக ஒரு வழிகாட்டிப் புத்தகத்தை இலவசமாகக் கொடுத்தார்கள். ஜனங்கள் நிறையப் பயணம் போனால்தானே டயர் தேயும்!

சரி, அதற்காக டயர் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? கல்யாணத்துக்கு நான் போனது பஸ்ஸில். சிப்காட்டில் வேலைக்குப் போகிற பையன்களின் வீட்டில் அடுப்பு எரிவது அந்தச் சம்பளத்தில். சென்னைக்குத் தண்ணீரும் வேண்டும். இதையெல்லாம் தப்பு என்று எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்து ஷவரைத் திறப்பது எனக்கு வெட்கமாக இருக்கும். சுமையே இல்லாத வாழ்க்கை கிடையாது. தம்பியும் சாமான் ஏற்றாதே என்று சொல்லவில்லை. இழுக்கப் போவது யார் என்று கேட்டுவிட்டு ஏற்று என்றான்.

அந்தக் கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, இழுக்கிறவருக்குப் பேச இடம் வேண்டும். வால் ஆடுகிறது என்று ஓட்டுகிறவன் சொன்னபோது நாங்கள் நிறுத்தினோம், சாமானை மாற்றினோம். தேர்வாயில், எங்கள் மேய்ச்சல் போகிறது என்று ஊர் சொன்னபோது எத்தனை பேர் வண்டியை நிறுத்திக் கேட்டோம்? நான் அப்போது பத்திரிகையில்தான் இருந்தேன். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டியவர்களில் நானும் ஒருவன்.

இன்னொன்று, நம் கண்ணில் அந்தச் சின்ன பலகை பட வேண்டும். நகரத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசாங்கக் கணக்கு. அதாவது 135 கிலோ. தினமும், எனக்காக, எங்கிருந்தோ இழுத்து வரப்படுகிறது. டிரெய்லரில் அஞ்சு பேர், இரண்டு நாள், 190 லிட்டர். ஆளுக்கு 19! கேன் தூக்கிய பிறகு அந்த அளவிலேயே ஓட்டினோம். யாரும் அழுக்காக இல்லை. யாரும் செத்துப்போகவில்லை.

2019 நினைவிருக்கிறதா? நான்கு ஏரியும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் வந்து இறங்கிய கோடை. அப்போது நம் எல்லோருக்கும் அந்தப் பலகை தெரிந்தது. அரிசி களைந்த தண்ணீர் செடிக்குப் போனது. பக்கெட்டில் குளித்தோம். அப்புறம் மழை வந்தது. பலகை மறுபடி மறைந்துவிட்டது. பெரிய டேங்க் நமக்குச் செய்கிற கெடுதல் அதுதான். அது அளவை எடுத்துவிடுவதில்லை, மறைத்துவிடுகிறது. 28 அடி வந்ததும் இரண்டாவது குக்கர் ஏறியதே, அதே கதை.

இப்போது தினமும் காலையில் பேப்பர் எடுக்கக் கீழே போகும்போது எங்கள் அபார்ட்மென்ட் வாட்ச்மேனிடம், “சம்ப்ல எவ்ளோ இருக்கு?” என்று கேட்கிறேன். எங்கள் 24 வீட்டில் அளவு தெரிந்த ஒரே மனிதர் அவர்தான். முதல் நாள் கேட்டபோது பதறிப்போய் எழுந்தார்.

“ஏன் சார், உங்க வீட்ல தண்ணி வரலையா?”