அனுப்புகிறவரின் கையெழுத்து

1540இல் போர்ச்சுகல் மன்னர் மூன்றாம் ஜான் இந்தியாவுக்கு மறைப்பணியாளர்களைக் கேட்டபோது, லொயோலா இஞ்ஞாசியார் தேர்ந்தெடுத்தவர்களில் பிரான்சிஸ் சவேரியார் இல்லை. போக வேண்டியிருந்தவர் நிக்கோலாஸ் பொபதில்லா. அவர் ரோமுக்கு வந்து சேர்ந்த நேரம் கடும் காய்ச்சல். போர்ச்சுகல் தூதரோ புறப்படத் தயாராக நின்றார். கடைசி நேரத்தில் அழைப்பு சவேரியாருக்குத் திரும்பியது. பழைய உடுப்பைத் தைத்துச் சரிசெய்துகொண்டு அவர் கிளம்பிவிட்டார். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, கரையோரப் பரதவர் ஊர்களில் நடந்து திரிந்தார். 1552 டிசம்பர் 3இல் சீனக் கரையை ஒட்டிய சான்சியன் தீவில் காய்ச்சலில் இறந்தபோது அவருக்கு வயது 46. பயணத்துக்கு லாயக்கில்லை என்று நிறுத்தப்பட்ட பொபதில்லா 1590 வரை இருந்தார். இயேசு சபையின் முதல் தோழர்களில் கடைசியாகக் கண்மூடியவர் அவர்தான்.

இந்தக் கதையைச் சொன்னால், "யாருக்கு எப்போது என்பது ஆண்டவருக்குத்தான் தெரியும், அப்புறம் எதற்கு எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும்?" என்று கேட்பவர்கள் தூத்துக்குடிப் பக்கம் இன்றும் உண்டு. பக்தியுள்ள கேள்விதான். ஆனால் கதையில் நடந்ததை அது பார்க்கத் தவறுகிறது. காய்ச்சலில் கிடந்தவரை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, மீதியை ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று இஞ்ஞாசியார் சொல்லவில்லை. அவருடைய சபையின் சட்டங்களே, சேர வருகிறவருக்கு அந்தப் பணியைத் தாங்கும் உடல்நலமும் வலுவும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கின்றன.

இந்தக் கரைக்கு மறைப்பணியாளர்கள் வந்த காலம் போய், இங்கிருந்து போகும் காலம் வந்து நூறு வருடத்துக்கு மேலாகிறது. வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வி. எஸ். அசரியா, 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் தொடங்க முன்னின்று, பிறகு தானே தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குப் போனார். இன்றும் மணப்பாடு, வீரபாண்டியன்பட்டினம், புன்னைக்காயல் போன்ற ஊர்களிலிருந்து பிள்ளைகள் குருமடத்துக்கும் கன்னியர் மடத்துக்கும் போகிறார்கள். தேரிக்காட்டு ஊர்களிலிருந்து இளம் குடும்பங்கள் வடநாட்டுப் பணித்தளங்களுக்கு ரயிலேறுகின்றன. போகுமுன் மருத்துவரிடம் காட்ட வேண்டுமா என்ற கேள்விக்குப் பெரும்பாலான சபைகள் ஆம் என்று பதில் சொல்லிவிட்டன. மோர்மன் சபையில் பல் மருத்துவரும் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் இளைஞர்களுக்குப் பணியிடம் குறிக்கப்படுகிறது.

பல்லா என்று சிரிக்க வேண்டாம். பேருந்து நிற்கும் இடத்துக்கே மூன்று மணி நேரம் நடக்க வேண்டிய ஒரு மலைக் கிராமத்தில், ராத்திரி பதினோரு மணிக்குக் கடைவாய்ப் பல் குத்த ஆரம்பிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் கிராம்பு, பிறகு உப்புத் தண்ணீர், பிறகு எங்கோ பையில் கிடந்த வலி மாத்திரை. மூன்றாம் நாள் தாடை வீங்கி வாய் திறக்க வராது. வேரில் கட்டிய சீழ் கழுத்துக்கு இறங்கினால் மூச்சுக்குழாயே அடைபடும். அந்நேரம் அவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு மலையிறங்கப் போகிறவர்கள், அன்றைய கூலியை விட்டுவிட்டு வரும் அந்த ஊர்க்காரர்கள். ஊரிலேயே அரை மணி நேரத்தில் அடைத்திருக்கக்கூடிய சொத்தைப் பல் அது. சேவை செய்யப் போனவர் சேவை வாங்குகிறவராகிறார். தன் உடம்பைத் தான் வருத்திக்கொள்ள ஒருவருக்கு உரிமை உண்டு என்பது சரி. ஆனால் பணித்தளத்தில் அவர் உடம்பு அவருடையது மட்டுமாக இருப்பதில்லை.

இதைவிடக் கனமான காரணம் ஒன்று உண்டு. 2010இல் நிலநடுக்கத்தால் நொறுங்கிக் கிடந்த ஹைட்டியில் ஐ.நா. அமைதிப்படை முகாமிலிருந்து காலரா பரவியது. வந்தவர்கள் பார்வைக்குத் திடமாகத்தான் இருந்தார்கள். முகாமின் கழிவு ஆற்றில் கலந்தது. பத்தாயிரம் பேர் அளவில் செத்தார்கள். ஐ.நா. பொதுச்செயலாளர் 2016இல்தான் ஹைட்டி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். நல்லது செய்யப் போகிறோம் என்ற எண்ணம் கிருமிக்குத் தெரியாது. இருமலோடு ஆதிவாசிப் பள்ளி விடுதிக்குப் போய்ச் சேரும் ஆசிரியருக்குக் காசநோய் இருந்தால், அங்கே படுத்துறங்கும் பிள்ளைகளிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்க மாட்டார்கள். ஆகவே சர்க்கரையையோ வலிப்பையோ பழைய காசநோயையோ ஆர்வமிகுதியால் மறைத்துப் படிவத்தில் 'இல்லை' என்று எழுதுவதைத் தியாகம் என்று சொல்ல முடியாது. அது பொய், அதன் விலையைக் கொடுப்பவர் வேறொருவர்.

இதுவரை வழக்கு எளிது. சிக்கல் இனிமேல்தான்.

ஏமி கார்மைக்கேல் சீனாவுக்குப் போகத் தயாரானபோது, உடல்நிலை ஒத்துக்கொள்ளாது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். ஜப்பான் போனார், உடம்பு கெட்டுத் திரும்பினார். 1895இல் இந்தியா வந்தார். டோனாவூரில் பெண் குழந்தைகளுக்கு அடைக்கலமான இல்லத்தை எழுப்பி, தாயகம் திரும்பாமலே 1951இல் அங்கேயே இறந்தார். 55 ஆண்டுகள். மருத்துவர் தவறு செய்தார் என்று இதை வைத்துச் சொல்லிவிடலாமா? முடியாது. 1931இல் விழுந்து அடிபட்ட பிறகு, ஏறக்குறைய இருபது வருடம் அவர் அறையோடு முடங்கித்தான் இருந்தார். அந்த இருபது வருடமும் அவரைத் தாங்க டோனாவூரில் ஆட்கள் இருந்தார்கள் என்பதுதான் முக்கியம். மருத்துவர் சொல்லக்கூடியது, இந்த உடம்புக்கு என்ன தேவைப்படும் என்பது. அந்தத் தேவையை எங்கே, யார் கொடுக்க முடியும் என்பதற்குப் பதில் சொல்ல வேண்டியது அனுப்புகிற சபை. 'தகுதியில்லை' என்ற ஒற்றை முத்திரை, சபை செய்ய வேண்டிய யோசனையை மருத்துவர் தலையில் கட்டிவிடுகிறது.

சோதனை என்ற பெயரில் எதைச் சோதிக்கிறார்கள் என்பதும் பார்க்க வேண்டியது. ஹென்றீக் ஹென்றீக்கஸ் யூத வம்சாவளியில் வந்தவர் என்பதால் பிரான்சிஸ்கன் சபை அவரை வெளியேற்றியது. இயேசு சபை சேர்த்துக்கொண்டது. அவர் முத்துக்குளித்துறையில் ஐம்பது ஆண்டுக்கு மேல் இருந்து, தமிழ் கற்று, 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாகக் காரணமாகி, 1600இல் மறைந்தார். அதற்குள் 1593இல் அதே இயேசு சபையே அந்த வம்சாவளியினருக்குக் கதவைச் சாத்திவிட்டது. ரத்தத்தை அளந்த காலம் அது. இன்று ரத்தத்தில் வேறொன்றை அளக்கிறார்கள். வேலைக்கும் படிப்புக்கும் எச்.ஐ.வி. பரிசோதனையை முன்நிபந்தனையாக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் சொல்கிறது. குருமடம் வேலையா, படிப்பா, அழைத்தலா என்று வக்கீல்கள் வாதாடிக்கொள்ளட்டும். சிகிச்சையில் இருப்பவரால் பணி செய்ய முடியும் என்றால், அவரை விலக்குவதற்குச் சொல்லப்படும் காரணம் மருத்துவக் காரணம் அல்ல.

கடற்கரை ஊர்களில் இன்னொரு வேதனையும் இருக்கிறது. மடத்துக்குப் போன பெண் இரண்டு வருடத்தில் பெட்டியோடு திரும்பி வந்தால், "உடம்புக்கு ஏதோவாம், அனுப்பிச்சிட்டாங்களாம்" என்ற பேச்சு மீன் ஏலம் முடிவதற்குள் தெரு முழுக்கப் பரவும். பிறகு கல்யாணப் பேச்சிலும் அது வந்து உட்காரும். நவதுறவகத்தில் சேர்க்க உடல்நலத்தைக் கேட்கும் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 642ஆம் விதியே, அந்தரங்கத்தைக் காக்கும் 220ஆம் விதியைச் சேர்த்துத்தான் பேசுகிறது. 689ஆம் விதி இன்னும் கூர்மையானது: முதல் வார்த்தைப்பாட்டுக்குப் பின் வந்த நோயைக் காட்டி ஒருவரை நிறுத்தலாம், ஆனால் அந்த நோய் சபையின் அலட்சியத்தாலோ சபை கொடுத்த வேலையாலோ வந்திருந்தால் அதைக் காரணமாக்க முடியாது. சேரும் நாளில் எடுத்த பரிசோதனை அறிக்கை இங்கேதான் உயிர் பெறுகிறது. சேரும்போது திடமாக இருந்தாள் என்று அதில் சபையே கையெழுத்திட்டிருந்தால், ஐந்து வருட மலேரியாப் பணித்தளத்துக்குப் பின் அந்தச் சகோதரியின் மண்ணீரல் வீக்கத்துக்குப் பொறுப்பு யாருடையது என்பதில் தகராறு இல்லை. செலவும் அப்படியே. வலைத் தொழில் செய்யும் அப்பாவிடம் மகனின் ரூட் கெனாலுக்கான ரசீதை நீட்டிவிட்டு அழைத்தலைப் பற்றிப் பிரசங்கிப்பது அழகல்ல. பரிசோதனையைக் கேட்பவர் பணமும் கட்ட வேண்டும்.

இந்தத் துறைமுகத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. கப்பல் வேலைக்குப் போகும் தூத்துக்குடிப் பையன் அங்கீகாரம் பெற்ற மருத்துவரின் ஃபிட்னஸ் சர்டிபிகேட் இல்லாமல் ஏற முடியாது. அதனால் அவனுக்குக் கடல்மேல் நம்பிக்கையில்லை என்று யாரும் சொல்வதில்லை. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி அந்தச் சான்றிதழ் அதிகபட்சம் 2 ஆண்டுக்கே செல்லும். பிறகு மறுபடி பார்க்க வேண்டும். ஒருமுறை பார்த்து அனுப்பிவிட்டு இருபது வருடம் மறந்துபோக வழியில்லை. மருத்துவர் 'தகுதியில்லை' என்று எழுதிவிட்டால், சம்பந்தமில்லாத வேறொரு மருத்துவரிடம் மறுபரிசோதனை கேட்கும் உரிமையையும் அதே உடன்படிக்கை மாலுமிக்குக் கொடுக்கிறது. 642ஆம் விதி நிபுணர்களை அழைக்க மேலாளரை அனுமதிக்கிறது. இரண்டாவது நிபுணரைத் தேடிப்போகும் உரிமை விண்ணப்பிக்கும் பெண்ணுக்கு உண்டா என்று அதில் பேச்சில்லை. அந்த ஒரு வரியைத் தங்கள் சொந்த ஒழுங்குமுறையில் சேர்த்துக்கொள்ள எந்த மறைமாவட்டமும், எந்த மிஷனரி சங்கமும் ரோமிலிருந்தோ லண்டனிலிருந்தோ கடிதம் வரக் காத்திருக்க வேண்டியதில்லை.