புகழும் கடனும்

பலனில் பற்றின்றிக் கருமம் புரிபவனே உத்தமன் என்பது கீதையின் உபதேசம். அப்படியானால், ஆட்டத்தை ஆட்டத்துக்காகவே ஆடிய ஒருவனையும், பிறர் ஆடவேண்டும் என்பதற்காகவே தன் மாலைப்பொழுதுகளை எல்லாம் செலவிட்ட ஒருவனையும் முதுமையில் மேடைக்கு அழைத்துப் பட்டயம் வழங்கிப் போற்றுவது, அவர்களுடைய பற்றின்மைக்கு நாம் விளைவிக்கும் பங்கம் ஆகாதா? அமெரிக்க நாட்டில் காது கேளாதோர் நடத்திவந்த வட்டாரக் கூடைப்பந்துச் சங்கங்களின் சரித்திரத்தைப் படிக்குந்தோறும் இந்தக் கேள்வி என் மனத்தில் எழுகிறது. அதற்குரிய விடையும் அந்தச் சரித்திரத்திலேயே அடங்கியிருப்பதாக நம்புகிறேன்.

ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரம் ரப்பர்த் தொழிலுக்குப் பேர்போனது. இரண்டு உலக யுத்தங்களின்போதும், போர்முனைக்குச் சென்றோரின் இடத்தை நிரப்புவதற்காகக் குட்இயர், ஃபயர்ஸ்டோன் ஆலைகள் காது கேளாதோரைப் பெருந்தொகையாக வேலைக்கு அமர்த்தின. தொழில் கிடைத்த இடத்தில் மனிதர் கூடினர். கூடிய இடத்தில் மன்றம் தோன்றியது. மன்றம் தோன்றிய இடத்தில் விளையாட்டும் வேரூன்றியது. 1945இல் ஆர்ட் க்ரூகர் என்னும் காது கேளாத பெருமகனார் பல நகரத்து மன்றங்களின் குழுக்களை அங்கே வரவழைத்துத் தேசியக் கூடைப்பந்துப் போட்டியை நடத்த, அமெரிக்கக் காது கேளாதோர் விளையாட்டுச் சங்கம் உதயமாயிற்று. நகர மன்றங்கள் வட்டாரப் போட்டியில் மோதுவதும், அதில் வென்றோர் தேசியப் போட்டிக்குச் செல்வதும் நிலைத்த வழக்கமாயின. அச்சங்கம் தன் சிறப்புப் பட்டியலில் ஆட்டக்காரரோடு பயிற்சியாளருக்கும் நிர்வாகிகளுக்கும் இடம் அளித்தது.

அந்த ஆட்டத்தின் அருமையைச் சற்று நெருங்கி நின்று பார்த்தல் வேண்டும். கூடைப்பந்தில் முன்னே ஓடுபவனுக்குப் பின்னே வருபவனின் குரலே வழிகாட்டி. அந்தத் துணை இவர்களுக்கு இல்லை. பந்தைத் தட்டிச் செல்லும் கையே பேசும் கையுமாதலால், பந்து வந்த கணத்தில் பேச்சில் பாதி அடைபட்டுப் போகிறது. நடுவரின் விசில் ஒலித்த பின்னும், அவர் உயர்த்திய கை கண்ணில் படும்வரையில் ஆட்டக்காரன் ஓடிக்கொண்டே இருப்பான். இத்தனை இடையூறுகளும் சேர்ந்து அவனுக்கு ஓர் அபூர்வ சித்தியைப் பயிற்றுகின்றன: தோழன் இப்போது எங்கே நிற்பான் என்பதை ஒரு கணப் பார்வையில் அறிந்து, அந்த அறிவை நம்பிப் பந்தை எறிதல். 1943இல் வாஷிங்டன் நகரத்துக் காது கேளாதோர் கல்லூரியான காலடெட்டின் ஐந்து இளைஞர்கள், காது கேட்கும் மாணவர்களின் கல்லூரிகளை எதிர்த்து மேசன்-டிக்ஸன் போட்டியில் வாகை சூடியது இந்தச் சித்தியின் பெருமையை உலகறியச் செய்தது.

ஆயினும் ஆடுகளத்தில் ஒளி விழுவது ஆட்டக்காரன் மீது மட்டுமே. அந்த ஒளியை ஏற்றிவைத்தவனோ வாயிற்புறத்தில் நுழைவுச்சீட்டு எண்ணிக்கொண்டிருப்பான். காது கேளாத இயற்பியலாளரான ராபர்ட் வைட்பிரெக்ட் 1964இல் தொலைபேசி வழியே தட்டச்சு எழுத்தை அனுப்பும் கருவியை இயக்கிக் காட்டும் வரையில், விளையாட்டரங்கு ஒன்றை வாடகைக்குப் பேசுவதற்குக்கூட இவர்கள் கடிதம் எழுதிக் காத்திருக்கவேண்டும், அல்லது நேரில் செல்லவேண்டும், அல்லது காது கேட்கும் மகனையோ அண்டை வீட்டாரையோ வேண்டிக்கொள்ளவேண்டும் என்ற நிலை இருந்தது. பகலெல்லாம் ஆலையிலும் அச்சகத்திலும் உழைத்து, இரவில் கணக்கெழுதி, நஷ்டம் வந்தால் தன் கைப்பொருளை ஈந்து போட்டியை நடத்தியவனுக்கு ஈகை என்னும் பெயர் முற்றும் பொருந்தும். வள்ளுவர் ஈகை அதிகாரத்தை அடுத்துப் புகழ் அதிகாரத்தை வைத்த முறைமையை எண்ணும்போது, நிர்வாகியின் உரிமை ஆட்டக்காரனின் உரிமைக்குச் சிறிதும் தாழ்ந்ததன்று என்பது தெளிவாகிறது.

இனி, மூலக் கேள்விக்கு வருவோம். மனிதன் பிறக்கும்போதே தேவர்க்கும் ரிஷிகளுக்கும் பித்ருக்களுக்கும் கடன்பட்டே பிறக்கிறான் என்பது நம் முன்னோர் கொள்கை. அமெரிக்காவில் காது கேளாக் குழந்தைகளுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் அதிகமானோர், காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றனர். உடலைத் தந்த அந்தப் பெற்றோரால் சைகை மொழியைத் தர இயலாமற் போவதுண்டு; தன்னைப் போன்ற ஒருவன் கிழவனாகும் வரை கண்ணியமாக வாழ்ந்து காட்டினான் என்னும் சாட்சியை வீட்டில் காட்டவும் இயலாது. அந்த மொழியும் சாட்சியும் அவனுக்குப் பள்ளி விடுதியிலும், மன்றத்திலும், வட்டாரப் போட்டி நடக்கும் அரங்கிலுமே கிட்டுகின்றன. அவனுடைய மற்றொரு வம்சம் ரத்தத்தால் தொடர்வதன்று. குருபரம்பரை போல, கண்டு கற்பதால் தொடர்வது. ஆகவே அங்கே முதியவர் ஒருவரைப் பேர் சொல்லி அழைத்துப் போற்றுதல் பித்ரு கடனைத் தீர்த்தலே ஆகும். பெறுபவர் பற்றற்றிருக்கலாம், அது அவருடைய தர்மம். கொடுப்பவரோ மறந்திருக்கலாகாது, இது இவர்களுடைய தர்மம். இவ்விரண்டும் ஒன்றையொன்று முறிப்பதில்லை.

கடன் என்று ஒப்புக்கொண்டபின், அதை அரைகுறையாகத் தீர்ப்பதற்கும் இடமில்லை. தென் மாநிலங்களில் காது கேளாதோர் பள்ளிகளும் நிறத்தால் பிரிக்கப்பட்டிருந்தன. காது கேளாதோரின் தேசிய சங்கமே 1960களின் நடுப்பகுதி வரையில், நாற்பது ஆண்டுகள் போலக் கறுப்பினத்தாரை உறுப்பினராகச் சேர்க்க மறுத்தது. ஒரே மௌனத்தில் பிறந்தோரை நிறத்தின் பெயரால் வாயிலில் நிறுத்திய அந்த அநீதியால், எத்தனையோ வல்ல ஆட்டக்காரர்கள் எந்தப் பட்டியலிலும் இடம்பெறாது மறைந்தனர். அவர்களைத் தேடி எழுதுவதும் அதே கடனின் பகுதியே.

இன்று பழைய நகர மன்றங்கள் பல மூடப்பட்டுவிட்டன. செய்திக்காகவும் துணைக்காகவும் வாரந்தோறும் கூடவேண்டிய அவசியம் குறைந்தது அதற்கு முக்கிய காரணம். கூடும் இடம் குறையுந்தோறும் நினைவு சிதறுவது இயல்பு. ஆதலின் சிறப்புச் செய்யவேண்டியவரை உயிரோடிருக்கும் நாளிலேயே அழைத்து, இளைஞர் கண்ணெதிரில், அவர் செய்தது இன்னது என்று விவரமாகச் சைகையால் உரைத்துச் சிறப்பித்தல் வேண்டும். அதைக் கண்ட சிறுவன் அடுத்த ஆண்டுப் போட்டிக்கு நாற்காலிகளை ஏந்தி வர முன்வருவானாயின், அந்தக் கடன் முறையாகத் தீர்க்கப்பட்டது என்று கொள்ளலாம்.