மூடிய பாக்கெட்டும் அறுபது அட்டைகளும்

நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் நம் சகோதரியார் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். கூடத்தில் பாய் விரித்து, 11 வயது மருமகன் அமர்ந்திருந்தான். அவனைச் சுற்றிலும் கிழிந்த பளபளப்பான காகித உறைகள். பெரியவர்கள் கொடுத்த பெருநாள் காசு முழுவதும் அந்த உறைகளாக மாறிக் கிடந்தது. 'போக்கிமான்' என்னும் விளையாட்டு அட்டைகளாம். ஒவ்வொரு பாக்கெட்டையும் கிழிக்கும்போது அவன் கண்களில் ஒரு பரபரப்பு. கிழித்து முடித்ததும் முகத்தில் ஒரு வாட்டம். அவன் தேடிய அட்டை எதிலும் வரவில்லை.

"இதெல்லாம் சூதாட்டம். ஹராம். எடுத்து உள்ளே வை!" என்றோம்.

பையன் மரியாதை தவறாமல் கேட்டான்: "மாமா, இதில் யாரும் காசு வைத்து ஆடுவதில்லையே? தோற்றவன் யாருக்கும் எதுவும் கொடுப்பதில்லையே? பிறகு எப்படி இது சூதாட்டம்?"

நம்மிடம் விடை இல்லை. இன்னதென்று அறியாத ஒன்றுக்கு ஹராம் என்று முத்திரை குத்திவிட்டோம். மார்க்கத்தின் பெயரால் அவசரமாகப் பேசுவதும் ஒரு பொறுப்பற்ற செயல்தானே! அன்று பிற்பகல் அவனருகிலேயே பாயில் உட்கார்ந்து, "சரி, முதலில் எனக்கு இதைக் கற்றுக்கொடு" என்றோம். அன்று கற்றதையும், பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் வாசகர்கள் முன் வைக்கிறோம். நம் வீடுகள் பலவற்றிலும் இந்த அட்டைகள் நுழைந்துவிட்டன என்பதே காரணம்.

விளையாட்டின் வரலாறு

இவ்வகை விளையாட்டுகளுக்கு வழி திறந்தது, அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கி 1993-இல் வெளியான 'மேஜிக்: தி கேதரிங்' என்னும் அட்டை விளையாட்டு. வழக்கமான சீட்டாட்டத்தில் ஒரே கட்டை எல்லாரும் பகிர்ந்து ஆடுவார்கள். இதிலோ ஒவ்வொருவரும் தத்தம் சேகரிப்பிலிருந்து பொறுக்கியெடுத்துத் தமக்கென ஒரு கட்டை அமைத்துக்கொண்டு வர வேண்டும். ஆட்டத்தின் பாதி, ஆட உட்காரும் முன்பே முடிந்துவிடுகிறது.

அந்த முதல் விளையாட்டின் தொடக்க கால விதிகளில் பந்தயம் இருந்தது. ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் தம் கட்டிலிருந்து குருட்டாம்போக்கில் ஓர் அட்டையை எடுத்து ஒதுக்கி வைப்பார். வென்றவர் இரண்டையும் சொந்தமாக்கிக்கொள்வார். இது மக்களுக்குப் பிடிக்கவில்லை. போட்டிகளில் பந்தயம் விலக்கப்பட்டது. பந்தயத்தை ஒட்டிய அட்டைகள் 1995-க்குப் பிறகு அச்சிடப்படவும் இல்லை. எந்த மார்க்கத் தீர்ப்பையும் கேளாத மக்களே, தாம் அக்கறையோடு அமைத்த கட்டிலிருந்து ஓர் அட்டை இப்படிப் பறிபோவதை விரும்பவில்லை!

போக்கிமான் அட்டைகள் ஜப்பானில் 1996-இலும், ஆங்கிலத்தில் 1999-இலும் வெளிவந்தன. அதில் பந்தயம் இல்லை. மருமகன் சொன்னது உண்மைதான்.

கட்டு அமைக்கும் கலை

விதி எளியது. கட்டில் சரியாக 60 அட்டைகள் இருக்க வேண்டும். ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஒரே பெயருள்ள அட்டை நான்குக்கு மேல் கூடாது. அடிப்படை எனர்ஜி அட்டைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. கலைத்துப் போட்டு, முதலில் 7 அட்டைகளைக் கையில் எடுக்க வேண்டும். 6 அட்டைகளைப் பாராமல் ஒதுக்கி வைக்க வேண்டும்.

புதிதாகக் கட்டு அமைக்கும் பிள்ளைகள் அனைவரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். மின்னுகிற அட்டை, பெரிய உருவம், பெரிய எண் ஆகியவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக அள்ளிப் போடுகிறார்கள். நம் மருமகனும் அப்படித்தான் செய்திருந்தான். அவன் கட்டில் 'சாரிசார்ட்' என்னும் நெருப்புப் பறவை நாகம் ஒன்று இருந்தது. அவனுக்கு அதுவே உயிர். ஆனால் அந்த அட்டையை நேரடியாகக் களத்தில் இறக்க முடியாது. முதலில் 'சார்மாண்டர்' என்னும் சிறிய பல்லி களத்தில் இருக்க வேண்டும். அது வளர்ந்து வளர்ந்துதான் சாரிசார்ட் ஆகும். அவனிடம் சார்மாண்டர் ஒன்றுகூட இல்லை! ஆட்டம் முழுவதும் அந்த மின்னும் அட்டை கையில் சும்மா இருந்தது. மங்கலான சாதாரண அட்டைகளால் கட்டு அமைத்திருந்த பள்ளித் தோழனிடம் அவன் மூன்று முறை தோற்றிருந்தான்.

கணக்கும் அதையே சொல்கிறது. 60 அட்டைகளில் ஓர் அட்டையின் படி ஒன்றே ஒன்று இருந்தால், முதலில் எடுக்கும் 7-இல் அது வருவதற்கான வாய்ப்பு 100-க்கு 12 கூட இல்லை. நான்கு படிகள் வைத்தால் அந்த வாய்ப்பு 100-க்கு ஏறத்தாழ 40. ஒற்றைப் படியாக உள்ள அட்டை, ஒதுக்கி வைக்கும் ஆறில் போய் ஒளிந்துகொள்ளப் பத்தில் ஒரு வாய்ப்பும் உண்டு. எனவே பழகியவர்கள் முதலில் ஒரு நோக்கத்தை முடிவு செய்கிறார்கள்; அதற்கு உதவாததை, எவ்வளவு அழகாயிருந்தாலும், வெளியே வைக்கிறார்கள். வேண்டியதை மூன்று, நான்கு படிகளாக வைக்கிறார்கள். போக்கிமான் 15 முதல் 20 வரை, எனர்ஜி 10 முதல் 15 வரை, எஞ்சியவை துணை செய்யும் 'டிரெய்னர்' அட்டைகள் என்பது தொடக்கக்காரருக்குச் சொல்லப்படும் பொதுக் கணக்கு. பார்வைக்கு எளிய அந்த டிரெய்னர் அட்டைகளே, கட்டிலிருந்து வேண்டியதைத் தேடி எடுத்துக் கொடுத்து ஆட்டத்தை நடத்துகின்றன.

நாம் வியந்துபோனோம். எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விடுவது என்பதே இங்கே அறிவு. அடியில்லாமல் உச்சியைத் தேடாதே என்பதே இங்கே பாடம். முயன்று அமைப்பது நம் கையில். கலைத்த பின் எந்த அட்டை வரும் என்பது நம் கையில் இல்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன் மீது பொறுப்புச் சாட்டச் சொல்லும் நபிமொழி நம் நினைவுக்கு வந்தது.

எங்கே இருக்கிறது ஐயம்?

அவ்வாறாயின், நம் மனத்தை உறுத்தியது எது? ஆட்டமன்று, அந்தக் கிழிந்த உறைகளே!

விளையாட்டுகளை எடைபோட ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூல்கள் ஓர் அளவுகோலைத் தருகின்றன. கணக்கையும் சிந்தனையையும் அடிப்படையாகக் கொண்டது சதுரங்கத்தைப் போன்றது. குருட்டு யூகத்தை அடிப்படையாகக் கொண்டது பகடையைப் போன்றது. பின்னது விலக்கப்பட்டது. முன்னதுகூடப் பந்தயமின்றி, தொழுகையைத் தவறவிடாமல், தீய பேச்சின்றி இருந்தால்தான். ஹனஃபி மத்ஹபில் சதுரங்கத்துக்கே கடுமை காட்டப்படுகிறது. இந்த அளவுகோலைக் கையில் எடுத்தால், அட்டை விளையாட்டுக்கு இரண்டு முகங்கள் இருப்பது தெரிகிறது. கட்டு அமைப்பது கணக்கு. பாக்கெட் வாங்குவது யூகம்.

திருக்குர்ஆன், அல்மாயிதா அத்தியாயத்தின் 90-ஆம் வசனத்தில், மதுவோடு சேர்த்து விலக்கும் 'மைஸிர்' எப்படி நடந்தது? அறியாமைக் கால அரபிகள் ஓர் ஒட்டகத்தை அறுத்து, பத்து அம்புகளைக் குலுக்குவார்கள். ஏழில் பங்கு உண்டு, மூன்று வெறுமை. வெறும் அம்பு வந்தவர் இறைச்சியும் பெறாமல் ஒட்டகத்தின் விலையையும் கொடுக்க வேண்டும். பாக்கெட்டில் அந்த வெறுமை இல்லை. கிழித்தவருக்குச் சில அட்டைகள் நிச்சயம் கிடைக்கும். விற்பவர்களின் வாதமும் இதுவே. 1999-இல் அமெரிக்காவில் சில பெற்றோர், இது பிள்ளைகளைச் சூதாட வைக்கிறது என்று வழக்குத் தொடுத்தனர். இத்தகைய அட்டை வழக்குகளில் 2002-இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம், வாங்கியவர்களுக்கு அவர்கள் விலை கொடுத்த பொருள் கிடைத்தேவிட்டது, அரிய அட்டை வராத ஏமாற்றம் சட்டப்படி இழப்பாகாது என்ற கருத்தில் தீர்ப்பளித்தது.

மறுபுறம், 2001-இல் சவூதி அரேபியாவின் மார்க்க அறிஞர்கள் போக்கிமானைத் தடை செய்தார்கள். சூதாட்டத்தை ஒத்திருக்கிறது என்பது அவர்கள் கூறிய காரணங்களுள் முக்கியமானது.

நாம் முஃப்தி அல்லர். தீர்ப்பு வழங்க வரவில்லை. ஆயினும் வணிகம் பற்றிய நபிமொழிகளில் 'முலாமஸா' என்ற ஒரு விற்பனை தடுக்கப்பட்டிருப்பதை எண்ணிப் பார்க்கிறோம். துணியை விரித்துப் பாராமல், தொட்டதோடு பேரம் முடிந்தது என்பதே அந்த விற்பனை. தன்மை தெரியாத பொருளின் விற்பனையும், கல்லெறிந்து விழுந்ததை எடுத்துக்கொள்ளும் விற்பனையும் அவ்வாறே தடுக்கப்பட்டவை. அந்த மூடிய பாக்கெட்டின் மேல் விரல் வைத்துத் தடவி, "இதில் இருக்கும், இல்லை, அதில் இருக்கும்" என்று தேர்ந்தெடுக்கும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள்! அவன் வாங்குவது அட்டையையா? அட்டை வெறும் காகிதம். அவன் விலை கொடுப்பது, கிழிக்கும் அந்த ஒரு நொடியின் படபடப்புக்கு. அது தீர்ந்ததும் இன்னொன்று வேண்டியிருக்கிறது. நீதிமன்றத்துக்கு அது இழப்பாகாமல் இருக்கலாம். அந்தப் பழக்கம் படிந்த உள்ளத்துக்கு?

பக்கத்து வீட்டுச் சிறுவன்

பேசிக்கொண்டிருக்கையில், மருமகன் தன் கட்டிலேயே மிகப் பயனுள்ள ஓர் அட்டையைக் காட்டினான். "இது எந்தப் பாக்கெட்டில் வந்தது?" என்றோம்.

"பாக்கெட்டில் இல்லை மாமா. பக்கத்து வீட்டுச் சின்னப் பையனிடம் மாற்றிக்கொண்டேன். மூன்று மின்னும் அட்டை கொடுத்தேன். மூன்றுமே உதவாதவை. பாவம், அவனுக்குத் தெரியாது!" என்று சிரித்தான்.

நமக்குச் சிரிப்பு வரவில்லை. அவனை அதட்டவும் இல்லை. "பாக்கெட் விற்கிறவன் உனக்கு என்ன செய்தான்?" என்று மட்டும் கேட்டோம். "மின்னுவதைக் காட்டி, உள்ளே இருப்பதை மறைத்தான். நீ அந்தத் தம்பிக்கு என்ன செய்தாய்?"

பையன் தலைகுனிந்தான். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அட்டையை எடுத்துக்கொண்டு போனான். அது எதற்குப் பயன்படும் என்பதை விளக்கிச் சொல்லி, விருப்பம் எதுவெனக் கேட்டிருக்கிறான். அந்தச் சிறுவன் தன் அட்டையைத் திரும்பப் பெற்றுக்கொண்டான். மருமகனின் கட்டு பலவீனமாயிற்று. அவன் முகமும் சற்று வாடியிருந்தது. ஆனால் பாக்கெட் கிழித்தபோது வாடிய வாட்டம் வேறு, இது வேறு.

சகோதர சகோதரிகளே! அறியாதவனின் அறியாமையே ஆதாயமாகும்போது, விளையாட்டு எங்கே முடிந்து வஞ்சனை எங்கே தொடங்குகிறது? பிள்ளைகள் வணிகத்தைக் கடைவீதியில் கற்பதில்லை. இத்தகைய சிறிய மாற்றங்களில்தான் கற்கிறார்கள். இன்று மூன்று மின்னும் அட்டையைத் தள்ளிவிடக் கற்றவன், நாளை குறையுள்ள சரக்கைத் தள்ளிவிடத் தயங்குவானா?

நம் கைகளிலும் பாக்கெட்டுகள்

பிள்ளைகளை மட்டும் குறை கூறுவது நீதியன்று. தமிழ்நாட்டில் 2003-இல் தடை செய்யப்படும்வரை பரிசுச் சீட்டுகளைச் சட்டைப்பையில் மறைத்து வந்தவர்கள் நம்மிடையே இல்லையா? உள்ளே தங்கக் காசு இருக்கலாம் என்று விளம்பரம் செய்தால், வீட்டில் சோப்பு இருக்கும்போதே மேலும் நான்கு வாங்குவதில்லையா? நாம் கிழித்ததைப் பார்த்துத்தான் பிள்ளைகள் கிழிக்கிறார்கள்.

எனவே நாம் கூறுவது இதுதான். படங்கள் பற்றியும் ஆட்டத்தைப் பற்றியும் உங்கள் ஊர் ஆலிம்களிடம் விளக்கிச் சொல்லிக் கேளுங்கள். அவர்கள் கூடாதென்றால், காரணத்தோடு பிள்ளைக்கு எடுத்துரையுங்கள். இடம் உண்டு என்றால், மூடிய பாக்கெட்டின் பக்கம் போக விடாதீர்கள். உள்ளே இருப்பது இன்னதென்று தெரிந்து வாங்கும் ஆயத்தக் கட்டுகள் 60 அட்டைகளோடு விற்கின்றன; வேண்டிய அட்டையைத் தனியாகப் பார்த்து, விலை கேட்டு வாங்கவும் முடியும். தொடக்கக்காரனுக்கு அதுவே போதும். மாற்றிக்கொள்வதானால், அட்டையின் பயனைச் சொல்லிவிட்டு மாற்றச் சொல்லுங்கள். பாங்கு கேட்டதும் கட்டை மூடச் சொல்லுங்கள். நாமும் கையிலுள்ளதை மூடுவோம்.

அன்று மக்ரிபுக்குப் பின் மருமகன் தன் கட்டைப் பிரித்து மீண்டும் அமைத்தான். கையிருப்பிலிருந்த சாதாரண அட்டைகளை மூன்று மூன்றாக, நான்கு நான்காக எண்ணி வைத்தான். 61 வந்தது. சாரிசார்டைச் சிறிது நேரம் கையில் வைத்துப் பார்த்தான். பிறகு அதை எடுத்துத் தனியே வைத்துவிட்டான்.

வேண்டியதை அறியும் அறிவையும், வேண்டாததை விடும் வலிமையையும் வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கும் நமக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.