வாயில்லா ஜீவனுக்கு விரதம் உண்டா?

அன்புக்கொடி மக்களே, திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். கன்னியாகுமரிச் சீமையிலிருந்து வேலைக்காக வந்து குடியேறிய குடும்பம். காலையில் திருநாமம் தரித்து உகப்படிப்பு நடக்கும். அடுப்பில் மீனும் கறியும் ஏறுவதில்லை. அங்கே ஒரு பூனையும் வளர்கிறது. "நம்மோடு இருக்கிற உயிர், அதுவும் சுத்தமாய் உண்ணட்டும்" என்று தயிர்ச்சோறும் பருப்புச்சோறும் மட்டுமே வைக்கிறாள் அந்தத் தாய். நாள் போகப் போகப் பூனை கண் மங்கித் தடுமாறுகிறது.

அவள் அன்பில் குறையில்லை. பின் தவறு எங்கே?

பூனையின் உடலை இறைவன் வேறு விதமாய்ப் படைத்திருக்கிறான். டாரின் என்னும் சத்து அதற்குக் கட்டாயம் வேண்டும்; போதிய அளவு அதன் உடல் தானே செய்துகொள்ளாது. இச்சத்து மீனிலும் இறைச்சியிலும் உண்டு. அரிசியிலும் பருப்பிலும் இல்லை. இது குறைந்தால் பூனையின் விழித்திரை கெடும் என்று 1975-லும், இருதயம் வீங்கித் தளரும் என்று 1987-லும் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். இருதயம் மருந்தால் தேறலாம். போன பார்வை திரும்பாது. காரட்டையும் கீரையையும் தின்று நம் உடல் வைட்டமின் ஏ ஆக்கிக்கொள்ளும். பூனைக்கு அதுவும் இயலாது.

துவையல் தவசை எண்ணிப் பாருங்கள். வாகைப்பதியிலும் முட்டப்பதியிலும் 700 குடும்பத்தார் பச்சரிசியும் சிறுபயிறும் ஒருவேளை மட்டும் உண்டு தவம் இருந்தார்கள் என்பர். அய்யாவின் சொல்லைக் கேட்டு, மனமொப்பி ஏற்ற தவம் அது. பூனை எந்தத் தவத்தை ஏற்றது? கேட்கவும் மறுக்கவும் வாயில்லாத உயிரின்மேல் நம் விரதத்தைச் சுமத்தினால், விரதம் நமக்கு, வேதனை அதற்கு. எளியதைக் காப்பதுதானே அய்யா காட்டிய தர்மம்?

"அப்படியானால் அய்யா விலக்கிய உயிர்ப்பலி என்னாவது?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. பலி, பசியில்லாத தெய்வத்தின் பெயரால் செய்வது. பூனைக்கு வைக்கும் மீன், அது இல்லாமல் நலமாய் வாழ இயலாத உயிருக்கு இடுவது. இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் மீனும் ஓர் உயிரே. ஆகையால் வேண்டிய அளவே கொடுங்கள், வீணாக்காதீர்கள்.

மீனை வேகவைத்து, முள் நீக்கி, வெந்த நீரோடு கொடுங்கள். டாரின் அந்த நீரில் இறங்கியிருக்கும். வெங்காயமும் பூண்டும் பூனைக்கு நஞ்சு, சாம்பார்சோறு வேண்டாம். மீன் மட்டும் எல்லாச் சத்தும் தராது; கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். மீனைத் தொட மனமில்லையா? ஆலையில் செய்த டாரின் சேர்த்த தாவர உணவும் உண்டு. அதையும் மருத்துவர் மேற்பார்வையில்தான் தர வேண்டும். அதுவும் இயலாதவர் பூனை வளர்க்காதிருப்பதே மேல். அது பாவமல்ல, அதுவும் இரக்கமே.

உங்கள் இலையில் சுத்தம் இருக்கட்டும். அதன் தட்டில் அதற்கு ஏற்ற உணவு இருக்கட்டும்.

அய்யா உண்டு!