கதவின் அடியில் ஒரு துளை

நல்லவன் யார்? தீமை தன்னுள் நுழையாதபடி மனத்தைக் காத்துக் கொள்கிறவனா? அல்லது, நுழைந்துவிட்ட தீமையை அங்கே தங்கவிடாமல் போக்கிவிடுகிறவனா?

இரண்டும் ஒன்றுதானே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் வெகு காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். இரண்டுக்கும் நடுவே ஒரு மனிதனின் ஒன்பது ஆண்டுகள் வீணாகும் அளவுக்குத் தூரம் உண்டு என்பதை, ஒரு பழைய வண்டியின் கதவு எனக்குக் கற்றுக் கொடுத்தது.

சென்ற கோடையில் அமெரிக்காவில், மிஷிகன் மாநிலத்தில், மகள் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். செவர்லே லாரிகள் செய்யும் தொழிற்சாலை உள்ள பிளிண்ட் நகரம் அங்கிருந்து கிட்டத்தில்தான். பக்கத்து வீட்டில் ஒரு முதியவர் தனியாக வசித்தார். மோட்டார் தொழிலில் உழைத்து ஓய்வு பெற்றவர். அவருடைய கொட்டகையில் கரும்பச்சை நிறத்தில் ஒரு செவர்லே பிக்கப் வண்டி நின்றது. 1951-ஆம் ஆண்டு வண்டி. அவருடைய தந்தை பண்ணை வேலைக்கென்று வாங்கியதாம். முன்னால் ஓட்டுகிறவர் உட்காரச் சிறிய அறை; பின்னால் சாமான் ஏற்றத் திறந்த தொட்டி. உருண்டு திரண்ட அதன் முகத்தைப் பார்த்தால், ஊரில் வெற்றிலைப் பெட்டியோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களின் நினைவு எனக்கு வரும்.

அந்த வரிசை வண்டிகள் 1947-ல் வெளிவந்தபோது, 'மூச்சுவிடும் அறை' உள்ள வண்டி என்று விளம்பரம் செய்தார்கள். வெளிக்காற்றை உள்ளே இழுத்து, உள்ளே இருந்த காற்றை வெளியே தள்ளும் ஏற்பாடு அதில் இருந்தது. முதியவர் இதைச் சொன்னபோது வியாபாரிகளின் வார்த்தை ஜாலம் என்று எண்ணிச் சிரித்தேன்.

அவருக்கு அப்போது ஒரு வேலை காத்திருந்தது. கதவைச் சுற்றிலும் ஒரு ரப்பர்ப் பட்டை ஓடும் அல்லவா? நம் ஊர்ப் பட்டறைகளில் 'பீடிங்' என்பார்கள். கதவைச் சாத்தும்போது இரும்புக்கும் இரும்புக்கும் இடையே அது நசுங்கிக் கொடுத்து, மழையையும் தூசியையும் குளிரையும் தடுக்கிறது. வெயிலும் காற்றும் பட்டுப் பட்டு ரப்பர் இறுகிப் போகும், பிறகு வெடிக்கும். அவருடைய வண்டியில் அது கருவாடு மாதிரி காய்ந்து கிடந்தது. மழை பெய்தால் இருக்கையில் ஈரம். புதுப் பட்டை வாங்கி வைத்திருந்தார். நான் சும்மா நிற்பதைப் பார்த்து, ஒரு சுரண்டியை என் கையில் கொடுத்தார்.

புதுப் பட்டையை ஒட்டுவது சிறிது நேரத்து வேலை. பழைய பசையைச் சுரண்டுவதற்குத்தான் பாதிப் பகல் போயிற்று. அதன்மேலேயே ஒட்டினால் என்ன என்று கேட்டேன். "ஒட்டலாம். பழைய பசை பெயரும்போது புதியதும் கூடவே வந்துவிடும்" என்றார். இன்னும் இரண்டு செய்திகள் சொன்னார். பசையை ரப்பரிலும் இரும்பிலும் இரண்டிலும் தடவ வேண்டும்; தடவியதும் சேர்க்காமல், தொட்டால் பிசுக்கென்று ஒட்டும் பதம் வரும்வரை பொறுக்க வேண்டும். மூலைகளில் பட்டையை இழுத்து ஒட்டக் கூடாது. இழுபட்ட ரப்பர் என்றைக்காவது பழைய நீளத்துக்குச் சுருங்கி, மூலையை விட்டு விலகிக் கொள்ளும்.

ஒரு பக்கத்துக் கதவு முடியும் தறுவாயில் அவரை யாரோ தொலைபேசியில் அழைக்க, உள்ளே போனார். நான் கதவின் அடிப்பாகத்தைக் குனிந்து பார்த்தேன். கீழ் விளிம்பில் இரண்டு மூன்று சிறிய துளைகள் இருந்தன. இவ்வளவு பாடுபட்டு மேலே அடைத்துவிட்டு, கீழே இப்படி ஓட்டையை விடலாமா? மிச்சமிருந்த பசையை எடுத்து ஒவ்வொன்றையும் கெட்டியாக அடைத்தேன். நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையில் சோதனை. முதியவர் ரப்பர்க் குழாயைப் பிடித்து, மூடிய கதவின்மேல் நெடுநேரம் தண்ணீர் பீய்ச்சினார். நான் அறைக்குள்ளே உட்கார்ந்திருந்தேன். ஒரு சொட்டும் வரவில்லை. வெற்றி என்று கை காட்டினேன். அவர் கதவைத் திறந்தார். திறந்த கதவுக்குள்ளிருந்து, பாதி நிறைந்த குடத்தை ஆட்டினாற்போல் தளக் தளக்கென்று சத்தம் வந்தது.

அவர் முகம் மாறியது. குனிந்து அடியைத் தடவிப் பார்த்தார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஒரு திருப்புளியை எடுத்து நான் அடைத்த பசையைக் குத்தினார். பழைய துருவையும் கரைத்துக் கொண்டு செந்நிறமாகத் தண்ணீர் கொட்டியது.

வெட்கத்தோடு விளக்கம் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். கதவின் கண்ணாடி மேலும் கீழும் இறங்கி ஏற வேண்டும். அதற்கு ஓர் இடுக்கு வேண்டும். அந்த இடுக்கில் மெத்தென்ற பட்டை வைத்தாலும், மழைநீர் கண்ணாடியில் வழிந்து கதவின் வயிற்றுக்குள் இறங்கத்தான் செய்யும். கதவைச் செய்தவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் அடியில் துளை வைத்தார்கள். ரப்பரின் வேலை, மனிதர் உட்காரும் இடத்துக்கு நீர் வராமல் காப்பது. துளையின் வேலை, கதவுக்குள் வந்துவிட்ட நீரைப் போகவிடுவது.

"துளை அடைபட்ட கதவு வெளியே பளபளவென்றிருக்கும். உள்ளே அடியிலிருந்து துரு தின்று கொண்டே வரும்" என்று சொல்லி, மறுபக்கத்துக் கதவைக் காட்டினார். அதன் அடிப்பாகத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்திருந்தது. வருஷக்கணக்காக இலைச் சருகும் மண்ணும் அடைத்திருந்ததன் பலனாம்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் எங்கள் தாயார் காலமானார். காரியங்கள் முடிந்து உறவினர் எல்லாரும் கூடியிருந்த இடத்தில், எனக்கும் என் தமையனாருக்கும் ஏதோ பேச்சு வந்தது. அவர் சொன்னார்: "நீ பணம் அனுப்பினாய். நான் பக்கத்தில் இருந்தேன். கதை எழுதுகிறவனுக்கு அழுவதுபோல எழுதத் தெரியும், அவ்வளவுதான்." நான் பதில் பேசவில்லை. மறுநாளே புறப்பட்டு வந்துவிட்டேன். அதன் பிறகு பேச்சில்லை, கடிதமில்லை.

என் மௌனத்தை நான் பெருந்தன்மை என்று நினைத்தேன். கேட்கிறவர்களிடம், "அந்தச் சொல் என்னைத் தொடவே இல்லை" என்று சொல்வேன். உண்மை என்ன? அந்தச் சொல் அன்றைக்கே உள்ளே இறங்கிவிட்டது. நான் செய்ததெல்லாம், அது வெளியேறும் வழிகளை அடைத்ததுதான். வெளியே வர்ணம் பளபளத்தது.

சுடுசொல் உள்ளே நுழையாதபடி மனத்தை அடைக்க முடியுமா? முடியாது என்றே நினைக்கிறேன். பிறர் முகத்தைப் பார்க்க ஒரு கண்ணாடி வேண்டுமானால், அது ஏறி இறங்க ஓர் இடுக்கு வேண்டும். அன்பு வருகிற வழியாகத்தான் அவமானமும் வருகிறது. அந்த இடுக்கையும் அடைத்துவிட்டவன் எவர் சுகதுக்கத்தையும் அறிய மாட்டான். அவனை ஞானி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் காப்பே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். ரப்பர் இல்லாத வண்டியில் நனைந்து கொண்டே போவது நற்குணமாகாது. அடிக்கிற கையைத் தடுக்கத்தான் வேண்டும். ஏய்க்கிறவனை வாசலிலேயே நிறுத்தத்தான் வேண்டும். அநீதி செய்தவன் அதைத் திருத்த வேண்டும் என்று கேட்பதும் நியாயமே. ஆனால் அவன் திருத்தும்வரை அவனுடைய சொல்லை என் வயிற்றுக்குள் தேக்கி வைத்திருப்பேன் என்பதில் என்ன நியாயம் இருக்கிறது? துருப் பிடிப்பது அவன் கதவா, என் கதவா?

இதைக் கற்க நான் அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டியதில்லை. எங்கள் பூர்வீக வீட்டில் நடுவே முற்றம். மழை நேராக வீட்டுக்குள்ளேயே கொட்டும். வானம் கறுத்தால் அம்மா முதலில் செய்கிற காரியம், முற்றத்துச் சலதாரையின் வாயில் சேர்ந்திருக்கும் வேப்பிலைச் சருகுகளைக் கையால் அள்ளி எறிவதுதான். மழையே வரக் கூடாது என்று அவள் ஒருநாளும் வேண்டிக் கொண்டதில்லை. அந்த முற்றத்தின் ஓரத்தில் நின்றுதான் அண்ணா அந்தச் சொல்லைச் சொன்னார்.

மறுநாள் இன்னொரு பக்கத்துக் கதவுக்கும் பட்டை ஒட்டினோம். புது ரப்பர் தடிப்பாக இருந்ததால் கதவு சுலபமாகச் சாத்தவில்லை. வேகமாக அறைந்தேன். முதியவர் என் கையைப் பிடித்து, கண்ணாடியைச் சற்றே இறக்கிவிட்டுச் சாத்தச் சொன்னார். உள்ளே அடைபட்ட காற்று போக வழி கிடைத்ததும், கதவு அடக்கமாக மூடிக் கொண்டது. நாள் போகப் போக ரப்பரும் படிந்துவிடும் என்றார்.

அன்று மாலை ஊருக்குத் தொலைபேசியில் பேசினேன். அங்கே விடியற்காலை. அண்ணாவே எடுத்தார். என் குரலைக் கேட்டதும் சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு எங்கிருந்து பேசுகிறேன் என்று கேட்டார். சொன்னேன். மகளையும் பேரனையும் விசாரித்தார். வழுக்கிவிட்டுப் போகக்கூடிய பேச்சுத்தான். ஆனால் அவர் எப்போதும் வழுக்கிப் போகிறவர் அல்லர்.

"அன்றைக்கு நான் சொன்னதில் பொய் ஒன்றுமில்லையேடா" என்றார்.

"இல்லை, அண்ணா" என்றேன்.

அந்த இரண்டு வார்த்தைகளை வெளியே விட எனக்கு ஒன்பது ஆண்டுகள் ஆயின. அவை வெளியேறியபோது தெளிந்த நீராக வரவில்லை. துருவின் நிறத்தில்தான் வந்தன. அரித்தது அரித்ததுதான். ஆனாலும் தொலைபேசியை வைத்த பிறகு, உள்ளே தளக் தளக்கென்ற அந்தச் சத்தம் கேட்கவில்லை.