பிணையும் பரிவும்

அயல்நாட்டிலிருந்து வந்து ஒரு வீட்டிலேயே தங்கி ஊழியம் செய்யும் பெண்ணைக் காக்க முற்படும் அரசு, யாரைக் கொண்டு அவரைக் காக்கிறது? சிங்கப்பூரின் விதிகளை ஊன்றி நோக்குவார்க்கு இவ்வினா எழாமல் இராது. நம் சங்கத்து அன்பர் பலருக்கு அந்நகரில் மகனோ மகளோ இருக்கின்றனர். பேரக் குழந்தையைக் காணச் சென்றவர்கள், அக்குழந்தையை இடுப்பில் ஏந்தி நின்ற பிலிப்பைன்ஸ் பெண்ணையோ, மியன்மார்ப் பெண்ணையோ, நம் தமிழகத்துப் பெண்ணையோ கண்டிருப்பர். ஆதலின் இதனை அயலார் கதையென ஒதுக்க இயலாது.

மலேசியர் அல்லாத பணிப்பெண்ணை அமர்த்துவோர் அங்கே 5,000 வெள்ளிக்குப் பிணை தரவேண்டும். திங்கள்தோறும் அரசுக்குத் தீர்வையும் உண்டு. பொதுவாக 300 வெள்ளி, சிறு குழந்தையோ முதியவரோ உள்ள இல்லங்களுக்கு 60 வெள்ளி. இத்தீர்வை பணிப்பெண்ணின் கைக்குச் செல்வதன்று. அவர்க்குரிய குறைந்தபட்ச ஊதியத்தை அவ்வரசு வரையறுக்கவுமில்லை.

பிணையின் நோக்கம் நன்றே. அப்பெண்ணை நிராதரவாய் விட்டுவிடாமல் ஊருக்குத் திருப்பி அனுப்பும் பொறுப்பை வீட்டுக்காரர் ஏற்கவேண்டும் என்பதே அது. ஆனால் பணிப்பெண் சொல்லாமல் மறைந்துபோனால், முயன்று தேடிய வீட்டுக்காரரும் அத்தொகையில் பாதியை இழக்க நேரிடும். இழப்புக்கு அஞ்சியவர் என்ன செய்வார்? கடவுச்சீட்டை வாங்கி அலமாரியில் பூட்டுவார். குற்றம் என்று சட்டம் சொன்னாலும் பூட்டுவார். ஞாயிறன்று வெளியே சென்றால் யாரோடு பழகுவாளோ என்று கலங்குவார். அவர் கொடியவர் அல்லர். படுக்கையில் கிடக்கும் மாமனாரை விட்டுவிட்டு அலுவலகம் செல்லும் ஒரு தாய், அவ்வளவே. அவரைச் சிறைக்காவலர் ஆக்கியதில் பிணைக்கும் பங்குண்டு.

அரசு வாளாவிருந்தது என்பதும் முறையன்று. மாடி வீடுகளில் சன்னல் துடைக்கும்போது விழுந்து மாண்ட பெண்கள் உண்டு. கம்பித் தடுப்பைப் பூட்டி, பெரியவர் ஒருவர் உடனிருந்தாலன்றி வெளிப்புறச் சன்னலைத் துடைக்கச் செய்யலாகாது என்று 2012இல் விதித்தனர். ஆறு திங்களுக்கு ஒருமுறை நடக்கும் மருத்துவச் சோதனையில், 2021 முதல் உடல் மெலிவையும் ஐயத்துக்குரிய காயங்களையும் மருத்துவர் நோக்குகின்றனர். அதே சோதனையில் அவர் கருவுற்றிருக்கிறாரா என்பதும் பார்க்கப்படுகிறது! காப்பதும் கண்காணிப்பதும் ஒரே கையாகிவிட்டது.

வார விடுமுறையின் வரலாறு இன்னும் எண்ணத்தக்கது. 2013இல் அவ்வுரிமை வந்தது. ஆனால் பணிப்பெண் இசைந்தால் ஒரு நாள் ஊதியம் தந்து அந்நாளை வாங்கிக்கொள்ளலாம் என்ற வழியோடு வந்தது. திங்களில் ஒரு நாளையேனும் விலைக்கு வாங்கலாகாது என்ற விதிக்கு 2023 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவரே பணத்தை விரும்பினால் நாம் தடுப்பானேன் என்பர் சிலர். மெய்தான், ஊரில் பள்ளிக் கட்டணம் காத்திருக்கிறது. எனினும், இசைவு கேட்பவர் கையிலேயே பணி அனுமதியை இரத்துச் செய்யும் வசதியும் இருக்கையில், அவ்விசைவை முழு இசைவென்று நாம் கொள்வதற்கில்லை.

"எங்கள் வீட்டில் அவளும் ஒருத்தி" என்று பெருமையோடு சொல்வோரைக் கேட்டிருக்கிறோம். அப்பரிவு பொய்யன்று. ஆயினும் வீட்டில் ஒருத்தியாகிய மகள் தோழியைக் காணச் செல்ல எழுத்தில் உரிமை கேட்பதில்லை, ஊதியமும் கேட்பதில்லை. உறவு சொல்லி அழைக்கும்போது கேட்கும் வாய் அடைபட்டுப் போகிறது. வள்ளுவரும் விருந்தினர்க்கென ஓர் அதிகாரம் வகுத்தாரேயன்றி, அவ்விருந்தைச் சமைத்த ஊழியர்க்கென ஒன்று வகுத்தாரில்லை.

வீட்டுப் பணியாளர்க்கான பன்னாட்டு ஒப்பந்தம் 2011இல் ஜெனிவாவில் நிறைவேறியது. தன் பெண்களை அனுப்பும் பிலிப்பைன்ஸ் 2012இல் அதனை ஏற்றது. சிங்கப்பூர் ஏற்கவில்லை, நம் இந்தியாவும் ஏற்கவில்லை.

தில்லியில் வாழும் நாமும் வீட்டு வேலைக்கு ஒருவரை அமர்த்துகையில் காவல் நிலையத்துக்கு ஒரு படிவம் நிரப்பித் தருகிறோம். அவருடைய ஒளிப்படம், சொந்த ஊர், உறவினர் முகவரி யாவும் அதில் கேட்கப்படுகின்றன. அவருக்கு வாரத்தில் எந்த நாள் விடுமுறை என்று எழுத அப்படிவத்தில் இடமில்லை. நாமும் அவரிடம் கேட்டதில்லை.