நாமமும் ரூபமும்

1957-இல் தோன்றிய நேஷனல் புக் டிரஸ்ட், ‘இந்தியா: நாடும் மக்களும்’ என்னும் வரிசையில் மரங்களையும் பாம்புகளையும் பறவைகளையும் பற்றிச் சாமானியரும் வாங்கக்கூடிய விலையில் வெளியிட்ட சித்திர நூல்களில், சாலிம் அலியும் லயீக் ஃபதேஅலியும் சேர்ந்து எழுதிய பறவை நூலின் தமிழாக்கம், தையல் விட்டுப்போன பிரதியாக, என் மேஜைமேல் நெடுநாள் கிடந்தது. படம், அதன்கீழ் ஒரு பெயர், பிறகு சிறிது விவரம்; அதைப் புரட்டும்போதெல்லாம் ஒரு சந்தேகம் தலைதூக்கும். குடமும் சட்டியும் பெயரளவே, மண்ணே சத்தியம் என்று சாந்தோக்கிய உபநிஷதத்தில் உத்தாலகர் தம் புத்திரனுக்கு உபதேசிக்கிறாரே. நாமத்தையும் ரூபத்தையுமே கற்பிக்கும் இந்நூல் அஞ்ஞானத்தை அல்லவா வளர்க்கிறது?

ராணிப்பேட்டையில் வாழ்கிறவனுக்கு இதற்கு விடை தோல் ஷெட்டிலேயே கிடைக்கும். உப்பிட்டு வந்திறங்கும்போதே ஆட்டின் உருவம் போய்விடுகிறது. சுண்ணாம்பில் ஊறி, மயிர் நீங்கி, குரோமிய உப்போடு டிரம்மில் சுழன்று, வெளிர்நீலமாய்ச் சொட்டச் சொட்டக் குவியும்போது, ‘வெட் புளூ, இத்தனை பீஸ்’ என்று கணக்கில் ஏறிவிடுகிறது. நாமரூபங்கள் நீங்கிய இந்த நிலையைப் பிரம்மானுபவம் என்று எந்த ஞானியும் சொல்லத் துணியமாட்டார். ஊருக்குச் சோறு போடும் தொழிலை நான் நிந்திக்கவில்லை. பெயரழிந்த பொருளிடத்தில் மனம் கூசுவதில்லை என்றுமட்டும் சொல்கிறேன். பாலாறும் அவ்வாறே கழிவுநீர் போகுமிடமாகி, 1996-இல் உச்ச நீதிமன்றம் தலையிட நேர்ந்தது.

ஆதமுக்குச் சகல வஸ்துக்களின் பெயர்களையும் இறைவனே கற்பித்ததாகக் குர்ஆன் கூறுவதை மேல்விஷாரத்து நண்பரொருவர் எனக்கு நினைவூட்டினார். ஆதியாகமத்திலோ ஆதாமே மிருகங்களுக்குப் பெயரிடுகிறான். சாலிம் அலியின் வாழ்க்கையும் இப்படியொரு பெயரில்தான் திரும்பியது. சிறுவயதில் தாம் சுட்டு வீழ்த்திய குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டைக் கண்டு, மார்க்கப்படி அதை உண்ணலாமா என்ற ஐயத்தோடு மாமனிடம் காட்ட, அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்ப, அங்கிருந்த மில்லர்டு என்பவர் சொன்ன பெயர் அவரை ஆயுள் முழுவதும் பறவைகளிடம் ஒப்படைத்துவிட்டது. (இதே வரிசையில் மரங்களைப் பற்றி எழுதியவர் சாந்தபாவ் என்ற யேசுசபைப் பாதிரியார் என்பதும் எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை.) உத்தாலகரை மறுபடி படித்தபோதுதான் கவனித்தேன்: சூக்ஷ்மத்தை உணர்த்த அவர் ஏதோ ஒரு பழத்தைக் கொண்டுவரச் சொல்லவில்லை, ஆலம்பழத்தையே கொண்டுவரச் சொல்கிறார்.

சென்ற மார்கழியில் எதிர்வீட்டுப் பையன், தகப்பனார் தோல் ஷெட்டில் வேலை செய்கிறவர், அந்நூலை விரித்து, பழுப்புத் தலையும் வெள்ளை மார்பும் நீல முதுகுமாய் இருந்த படத்தின்மேல் விரலை வைத்தான். “தாத்தா, இது நம்ம வீட்டாண்ட கரண்டு கம்பிமேல குந்திக்கினு இருக்குமே, அதுதானே?” என்றான். வெண்மார்பு மீன்கொத்தி என்றேன். இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வாசலுக்கு ஓடினான், கம்பியில் ஒன்றுமில்லை. மறுநாளும் வந்து நின்று பார்த்தான். பிறகு புத்தகத்தை இரவல் வாங்கிப் போனான்; இன்னும் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.